ஊதா மூடி

மார்கழி மழை
ஆஸ்பத்திரி வீதியில் வடியாமல் நிற்கிறது.
உள்ளே, ஆய்வுகூடத்து மேசையில்
ஊதா மூடிக் குழாய்கள்
தட்டுத் தட்டாய் வந்திறங்குகின்றன.
டெங்குக் காலம்.
எல்லா வாட்டுக்கும் ஒரே கேள்வி:
பிளேட்லெட் எவ்வளவு?

பயிற்சிக்கு வந்து பத்தொன்பதாம் நாள்.
கையுறைக்குள் வியர்த்த விரலால் பேனை பிடிக்கப் பழகிவிட்டேன்.
சுழலி முழுதாய் நிற்குமுன்
மூடியைத் திறக்கக் கூடாதென்றும் தெரியும்.
வாட் பதினொன்று, கட்டில் நாலு, ஆண், வயது ஏழு:
ஒரு ஆளை அறிய இவ்வளவு போதுமென்று
நானும் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

காலையில் அந்தக் கட்டிலில் இரத்தம் எடுத்தது நானே.
பார்த்தது நரம்பை மட்டும்.
எடுத்த கையோடு குழாயை
எட்டுத் தரம் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்,
குலுக்காமல், மெல்ல,
நித்திரையான குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல.
ஒன்று, இரண்டு, மூன்று...
பக்கத்துக் கட்டிலில் யாரோ சத்தி எடுக்கத்
திரும்பினேன்.
நாலு எண்ணினேனா?

மெசின் சொன்னது: பதினொராயிரம்.

பதினொராயிரம் என்றால் வாட்டில் ஓட்டம்.
இரத்த வங்கிக்கு ஃபோன்.
வெளியே நிற்கிற தகப்பனைக் கூப்பிடுவார்கள்.
முடிவை அனுப்பும் பொத்தானில் என் விரல் இருந்தது.
ஏனோ மூடியைத் திறந்து
மரக்குச்சியை உள்ளே விட்டுத் தூக்கினேன்.
குச்சியின் நுனியில் தொங்கியது
ஒரு சிவப்புத் துண்டு,
முருங்கைப் பிசின்போலக்
கொழகொழவென்று.

தயாபரன் சேர் ஏசவில்லை.
நிராகரித்த மாதிரிகளின் கொப்பியை
மேசையில் தள்ளிவிட்டு
அடுத்த தட்டுக்குப் போனார்.
ஏசியிருக்கலாம்.

திரும்பவும் வாட் பதினொன்று.
இம்முறை முகம் பார்த்தேன்.
ஜெனிஸ்ரன். குருநகர்.
முன்பல் இரண்டும் விழுந்த வாய்.
இடது முழங்கையில் நான் ஒட்டிய பஞ்சு
இன்னும் இருந்தது.

"என்ன பிள்ளை, திரும்பவும் குத்தப் போறியளோ?
காலமை எடுத்தது காணாதோ?"
தாய் கேட்டா.
"அது உறைஞ்சு போச்சு அம்மா."

உறைஞ்சு போச்சு.
எவ்வளவு வசதியான தமிழ்.
கை நழுவிப் போச்சு, உடைஞ்சு போச்சு, காணாமல் போச்சு.
செய்தவர் எவருமில்லை,
எல்லாம் தானாகவே போய்விடுகின்றன.
தாயும் தலையாட்டினா.
குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறைவதில்லையா,
அப்படித்தான் என்று விளங்கியிருப்பா.

பொடியன்தான் விடவில்லை.
"அப்ப அந்த ரத்தத்தை என்ன செய்தனீங்கள்?"

மஞ்சள் பையில் போட்டோம், தம்பி.
சொல்லவில்லை.
வலது கையை நீட்டச் சொன்னேன்.
அழுவான் என்று காத்திருந்தேன்;
அவன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான்,
தூண்டிலைப் பார்க்கிற மாதிரி.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
வெளியே இடி.
ஐந்து, ஆறு. தாதி கூப்பிட்டா.
ஏழு.
எட்டு.

தொண்ணூற்றிரண்டாயிரம்.
நல்ல எண்ணென்று சொல்ல முடியாது,
நாளைக்கு இறங்கலாம்.
ஆனால் அது அவனுடைய எண்.

கொப்பியில் காரணம் எழுத ஒரு நிரல்.
அதில் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதும் ஒற்றைச் சொல்,
குளொட்டட்.
அந்த மொழியிலும் செய்தவர் இல்லை.
நானும் அதையே எழுதினேன்.

பின்னேரம் பஸ் நிலையத்தில்,
காரைநகர் பஸ் வரும்வரை,
என் பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்து
அன்றைய திகதிக்கு நேரே எழுதினேன்:
உறைய விட்டேன்.

மழைத்துளி விழுந்து
'விட்டேன்' கொஞ்சம் ஊறிப் பரவியது.
துடைக்கப் போனால் இன்னும் பரவும்.
அப்படியே மூடிவிட்டேன்.
பஸ்ஸில் இருக்க இடமில்லை.
கையில் தண்ணீர்ப் போத்தல்;
பண்ணைப் பாலம் தாண்டும்போதுதான் கவனித்தேன்,
அதைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்.